தையல் மிஷினுக்கும் ரஜாய்க்கும் நூல் தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர் லாங் பஜார் பக்கம் தையல் சாமான் விற்கும் ஏதாவது ஒரு கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு துண்டுத் துணியை எடுத்து வந்து, கடைக்காரர் அடுக்கிக் காட்டும் நூற்கண்டுகளின் மேல் வைத்து நிறம் பொருத்திப் பார்த்து, உடனே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நூல் எந்த இழையால் ஆனது, எவ்வளவு பருமன், வீட்டு மிஷினில் கிடக்கும் ஊசிக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் அபூர்வம். நிறம் வேண்டியதுதான், ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டியது அது. நூல் அடிக்கடி அறுந்தாலும், துணியின் அடியில் கொத்தாகச் சேர்ந்தாலும், தையல் விட்டு விட்டு விழுந்தாலும், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நூலையும் ஊசியையும் ஒருமுறை சந்தேகப்படுவது செலவில்லாத வழி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில். மழைக்காலம் முடிந்து பனி இறங்கிய ஒரு மார்கழியில், பழைய புடவைகளுக்கு நடுவே பஞ்சு வைத்து ஒரு ரஜாய் தைக்க எண்ணி, எடைக்கு நூல் விற்கும் இடமொன்றில் பெரிய கோன் ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். அட்டையில் 40 என்று அச்சிட்டிருந்தது. நான் வழக்கமாகத் தைப்பது 40/2 நூல் என்பதால், அதுவே இது என்று நினைத்துவிட்டேன். 14 நம்பர் ஊசியில் கோத்து மிதித்தால், பத்துத் தையலுக்குள் மேல்நூல் நார் நாராகப் பிரிந்தது; துணியைத் திருப்பினால் அடியில் குருவிக்கூடு. நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகினேன், எண்ணெய் விட்டேன், அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது தோல் செருப்பும் ஷூவும் தைக்கும் பசையேற்றிய நைலான் நூல். அதன்மேல் இருந்த 40 வேறொரு கணக்கின் 40.

ஆகவே எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். நூல் அட்டைகளில் மூன்று விதமான கணக்குகள் புழங்குகின்றன. முதலாவது, குடியாத்தம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று பேசுகிறார்களே, அதே பருத்திக் கணக்கு: 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40/2 என்றால் நாற்பதாம் நம்பர் இழைகள், அதாவது புரிகள், இரண்டைச் சேர்த்து முறுக்கியது. 60/3 என்றால் அறுபதாம் நம்பர் இழைகள் மூன்று. இரண்டாவது டெக்ஸ் கணக்கு. ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெக்ஸ்; இங்கே எண் ஏற ஏற நூல் பருக்கும். மூன்றாவது டிக்கெட் எண், அதிலும் எண் ஏறினால் நூல் மெலியும். செயற்கை இழை நூல்களில் 3000-ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய டெக்ஸ் கிடைக்கும்.

இந்த மூன்றையும் டெக்ஸுக்கு மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 40/2 நூல் ஏறத்தாழ 30 டெக்ஸ். 60/3 நூலும் கிட்டத்தட்ட அதே 30 டெக்ஸ்தான். மூன்று புரி என்பதால் பார்வைக்கு உருண்டையாகவும் சீராகவும் இருக்கும். 50/2 சுமார் 24 டெக்ஸ், 60/2 சுமார் 20, 20/2 சுமார் 60. நான் வாங்கி ஏமாந்த டிக்கெட் 40 நூலோ 75 டெக்ஸை ஒட்டியது, அதாவது எனக்கு வேண்டிய பருமனைப்போல் இரண்டரை மடங்கு. கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காமல், "இது டிக்கெட்டா, டெக்ஸா, எத்தனை புரி?" என்று கேட்டுவிடுவது நல்லது. அட்டை கிழிந்துபோன கோன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வீட்டில் இருக்கும் 40/2 நூலோடு பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது இழை. இன்றைக்குத் தையற்கடைகளில் அதிகம் ஓடுவது பஞ்சைப்போல் நூற்ற பாலியஸ்டர் நூல். அது உறுதியானது, துவைத்தால் சுருங்காது, சாயம் எளிதில் போகாது, விலையும் கட்டுப்படியாகும். குறை என்னவென்றால், மலிவான ரகங்களில் மேல்பரப்பு பிசிறடித்து, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலும் பாபின் கேஸைச் சுற்றியும் தூசுப்பஞ்சு அடைந்துவிடும். நூலை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடித்தால் இது தெரியும்: ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, மயிர்க்கால்போல் பிசிறுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கண்டை வைத்துவிட்டு வேறொன்று கேளுங்கள். நடுவில் பாலியஸ்டர் இழையும் சுற்றிலும் பஞ்சும் வைத்து நூற்ற கோர் நூல் இதைவிட உறுதியானது; விலையும் கூடுதல்.

பருத்தி நூலில், காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்திய மெர்சரைஸ்டு நூலைக் கேட்டு வாங்க வேண்டும். பளபளப்பும் உறுதியும் அந்தப் பக்குவத்தில் கூடுகின்றன, சாயமும் நன்றாகப் பிடிக்கிறது. பருத்தி நூல் சூடான இஸ்திரியைத் தாங்கும், பருத்தித் துணியோடு சேர்ந்தே பழையதாகும். பாலியஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வீட்டு இஸ்திரியில் அதுவும் பெரும்பாலும் தப்பித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் மட்டும் அந்த அளவுக்குத் தாங்காது. அதைப் போட்ட இடத்தில் இஸ்திரியை மிதமான சூட்டில்தான் ஓட்ட வேண்டும்.

கடைகளில் சில்க் நூல் என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் ரேயான். ஆரி வேலைக்கும் வளையல் சுற்றுவதற்கும் அது அழகாக இருக்கும். ஆனால் நனைந்தால் பலம் குறையும் இழை அது. பருத்தியோ நனைந்தால் பலம் கூடும். ஆகையால் ரேயான் நூலால் மேல்வேலை செய்யலாம், ஓரம் மூட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். அசல் பட்டு முடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும், உருகும் மணியைத் தொடக் கூடாது.

முறுக்கையும் ஒரு கண் பார்த்துவிடலாம். தையல் மிஷினுக்கான நூலை நட்டமாகப் பிடித்துப் பார்த்தால், புரிகள் இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாகச் சாய்ந்திருக்கும். அடியில் இயங்கும் ஷட்டில், நூலைச் சுற்றி எடுக்கும்போது இந்த முறுக்கு மேலும் இறுகும். எதிர்ப்பக்கம் முறுக்கிய நூலானால் அவிழ்ந்துகொண்டே போய் அறுந்துவிடும். கை எம்பிராய்டரி நூலைச் சிலர் பாபினில் சுற்றித் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்குக்கூட அது வேண்டாம் என்பது என் கருத்து.

துணியை வைத்து நூலை முடிவு செய்யும் முறை எளிது: தைத்த இடத்தை வலுவாக இழுத்தால் துணி கிழிவதற்கு முன் நூல் அறுபட வேண்டும். அறுந்த தையலை மறுபடி போட்டுக்கொள்ளலாம், கிழிந்த ஆரணிப் பட்டை யாராலும் சேர்க்க முடியாது. பட்டு ப்ளவுஸுக்கு 60/2 போன்ற மெல்லிய நூலும் 11 நம்பர் புது ஊசியும் போதும். முனை மழுங்கிய ஊசி பட்டில் இழையைக் கொக்கிபோட்டு இழுத்து வரி விழவைக்கும். சாதாரணப் பருத்தி ப்ளவுஸ், சுடிதார், பாவாடைக்கு 40/2 நூலும் 14 நம்பர் ஊசியும் சரியாக இருக்கும். மல் துணிபோல் மெல்லியதானால் ஊசியை 11 அல்லது 12-க்கு இறக்கலாம். ஜீன்ஸ் துணிக்கும் கித்தான் பைக்கும் 20/2 நூல், 16 நம்பர் ஊசி. வெயிலில் கிடக்கும் பந்தல் துணி, வண்டிச் சீட்டு உறை போன்றவற்றுக்கு நைலானைவிடப் பாலியஸ்டர் நூல் நெடுநாள் தாங்கும், ஏனென்றால் நைலான் வெயிலில் மஞ்சளித்து நைந்துவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கமிருந்து தோல் துண்டுகள் வாங்கிப் பர்ஸ் தைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் பருத்தி நூல் நாளடைவில் மக்கிவிடும்; அங்கே பசையேற்றிய நைலான் அல்லது பாலியஸ்டர் நூலும், வெட்டுமுனை கொண்ட தோல் ஊசியும் வேண்டும். 70 டெக்ஸ் நூலுக்கு 18 நம்பர் ஊசிக்குக் குறையக் கூடாது. சாதாரண வீட்டு மிஷின் இதற்குத் திணறும். தோல் ஊசியை மறந்துபோய்த் துணிக்குப் போட்டால், குத்தும் இடமெல்லாம் இழை வெட்டுப்படும்.

இனி ரஜாய்க்கு வருகிறேன். பஞ்சை நடுவில் வைத்துத் தைக்கும் போர்வையில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒரே நூல் இரண்டுக்கும் உகந்ததாக அமைவதில்லை. முதல் வேலை, துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று மூட்டி மேல்விரிப்பு செய்வது. இரண்டாவது, மேல்விரிப்பு, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து வரிவரியாக ஓட்டுவது.

மூட்டுவதற்கு மெல்லிய நூல்தான் நல்லது. கால் அங்குல ஓரம் விட்டுத் தைத்து மடித்து இஸ்திரி போடும்போது, மடிப்புக்குள் கிடக்கும் நூலின் பருமனும் துணியில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு மூட்டுக்கு அரை மில்லிமீட்டர் குறைந்தாலும், வரிசையில் இருபது மூட்டுகள் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். அடுத்த வரிசையோடு மூலை சேராது. 50/2 பருத்தி நூல், 11 அல்லது 12 நம்பர் ஊசி, தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மடிப்பு தட்டையாகப் படியும். பல நிறத் துண்டுகளை மூட்டுவதற்கு நிறத்துக்கொரு நூல் மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெளிர் சாம்பல் நிறமோ சந்தன நிறமோ எல்லாவற்றுக்குள்ளும் மறைந்துவிடும்.

நான் சொல்ல விரும்பும் உதாரணம் குடியாத்தம் லுங்கித் துணி. கட்டம்போட்ட லுங்கித் துண்டுகள் ரஜாய்க்கு மிகவும் வாகானவை, ஏனென்றால் ஓட்டுத்தையலுக்குக் கோடு போட வேண்டியதே இல்லை. கட்டத்தின் வரியே கோடு. ஆனால் புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைக்காவிட்டால், முதல் துவைப்பில் துணி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது; இரண்டுக்கும் நடுவே தையல் வரி முழுவதும் நெளிந்து கிடக்கும். கரும்சிவப்பு, கருநீலத் துண்டுகளையும் அதே நிறப் பருத்தி நூலையும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெளிர்நிறத் துணிக்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது நூலுக்கு இழுபடும் வேலை வருகிறது. இதற்கு 40/2 அல்லது 60/3 நூலும் 14 நம்பர் ஊசியும் என் தேர்வு. பஞ்சு கனமாக இருந்தால் ஊசியை 16-க்கு ஏற்றலாம். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்ட வேண்டும், ஏனென்றால் பஞ்சின் குழிவுக்குள் தையல் இறங்கும்போது மேலே அதன் நீளம் குறைந்து தெரியும். குழந்தைக்கான விரிப்பென்றால், கழுவிக் கழுவிக் காய்வதால், பருத்தித் துணியோடு மெர்சரைஸ்டு பருத்தி நூலையே போடுவேன். பெரியவர்கள் வருடத்துக்கு இருமுறை துவைக்கும் ரஜாய்க்குப் பாலியஸ்டர் நூல் போதுமானது. பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். துணிக்கு மிஞ்சிய பருமனில் நூலைப் போட்டு டென்ஷனையும் இறுக்கினால் எந்த இழையும் அறுக்கத்தான் செய்யும். அளவான பருமனில், தளர்வான டென்ஷனில் தைத்த என் விரிப்புகளில் அப்படி ஆனதில்லை.

கையால் ரஜாய் தைப்பதற்கென்று மெழுகோ பசையோ பூசிய மொடமொடப்பான நூல் கிடைக்கிறது. அதை மிஷினில் கோக்கவே கூடாது. பூச்சு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உரிந்து படிந்துகொண்டால், அதற்கப்புறம் எந்த நூல் போட்டாலும் சீராக ஓடாது. இலவம்பஞ்சு வைத்த ரஜாய்க்கு மட்டும் அந்தக் கைநூலையும் நீண்ட ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சு வழுக்கி ஒரு மூலைக்கு ஒதுங்கும் தன்மையுடையது என்பதால், மிஷின் ஓட்டத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ரஜாயில் நான்கு அங்குலத்துக்கு ஒரு வரியாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 14 வரி, 1260 அங்குலம். குறுக்கில் 22 வரி, 1320 அங்குலம். இரண்டும் சேர்த்து 2580 அங்குலம், அதாவது 65 மீட்டருக்குச் சற்று மேல். மேல்நூல், அடிநூல் இரண்டுமாகத் தையல் நீளத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு நூல் செல்லும். ஆகவே 200 மீட்டர் என்று வைத்து, தொடக்கம், முடிவு, பிரித்துத் தைப்பது எல்லாவற்றுக்குமாக இன்னும் ஐம்பது சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். அடுத்த வாரம் போய்க் கேட்டால் அதே நிற எண்ணில்கூட வேறு சாயத் தொட்டியின் நூல் வரும், வரிக்கு வரி வித்தியாசம் தெரியும்.

நூலையும் ஊசியையும் பொருத்திப் பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு முழம் நூலில் ஊசியைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் இரண்டு கையிலும் பிடித்துச் சரிவாகச் சாய்த்து லேசாக ஆட்டுங்கள். ஊசி தடையில்லாமல் வழுக்கி இறங்கினால் கண் போதும். சிக்கி நின்றால் ஊசி சிறியது அல்லது நூல் பருமன். நைலான் நூலை வைத்து இதைச் செய்து பார்த்திருந்தால் எனக்கு ஒரு முழு மாலை மிச்சமாகியிருக்கும். வீட்டு மிஷினுக்கு ஒருபக்கம் தட்டையான காம்புள்ள ஊசி, கம்பெனி மிஷினுக்கு உருண்டைக் காம்பு; நம்பர் ஒன்றே ஆனாலும் ஒன்றை மற்றதற்குப் போட முடியாது.

பாபினுக்கும் அதே நூலை, அல்லது ஒரு படி மெல்லிய நூலைச் சுற்றலாம். பருமனான நூலைச் சுற்றக் கூடாது. பாபின் கேஸை நூல்நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டை ஒருமுறை சுண்டினால், கேஸ் ஓரிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாகவே சரசரவென்று கீழே போனால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். பக்கத்திலுள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாதீர்கள். மேல்நூலைக் கோக்கும்போது பிரஷர் ஃபுட் தூக்கியிருக்க வேண்டும். இறக்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொண்டு நூல் உள்ளே அமராது. அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்குவதற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான், பாபின் அல்ல. அடிநூலின் முடிச்சு மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் என்று பொருள்.

பெரிய கோன் வாங்கியவர்கள் அதை மிஷினின் நூல்கம்பியில் செருகினால் அது சுழலாமல் இழுத்து நிற்கும். கோன் நூல் மேல்நோக்கி உருவி வர வேண்டியது. மிஷினுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் சொம்பில் கோனை நிறுத்தி, அதற்கு நேர்மேலே சுவரில் ஓர் ஆணியடித்து வளையம் மாட்டி, அதன் வழியே நூலைக் கொண்டுவந்தால் போதும். நூல்களை ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக வைப்பது பார்க்க அழகு, ஆனால் பருத்தி நூல் அப்படி இரண்டு கோடை கிடந்தால் விரலால் சுண்டியதும் அறும். மூடியுள்ள பிஸ்கட் தகரடப்பா போதும். ஒவ்வொரு புது நூலிலும், தைக்கப்போகும் துணியிலேயே, உள்ளே பஞ்சும் வைத்து, உள்ளங்கை அகல மாதிரி ஒன்று ஓட்டி, அதன் ஓரத்தில் நூல் எண், ஊசி நம்பர், டென்ஷன் எண், தையல் நீளம் நான்கையும் பேனாவால் எழுதி அந்தக் கண்டோடு சேர்த்து டப்பாவில் போட்டுவைக்கிறேன். என் டப்பாவில் அந்த நைலான் கோனும் இருக்கிறது. அதன்மேல் "தோலுக்கு மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.